நிறுத்தத் தெரிந்தவரே ஓட்டத் தெரிந்தவர்

நல்ல பைக் ஓட்டி யார் என்று கேட்டால் நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். பெரிய வண்டியில் லடாக் வரை போய் வந்தவர் என்பார்கள் இளைஞர்கள். இருபது வருடமாக விழாமல் ஓட்டுகிறவர் என்பார்கள் பெரியவர்கள். முன்னதில் பணமும் விடுமுறையும் தெரிகின்றன; பின்னதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. இரண்டிலும் திறமை நிரூபணமாகவில்லை. எதிரில் திடீரென ஒரு ஆட்டோ திரும்பும்போது, வண்டியைச் சறுக்கவிடாமல் நிறுத்தத் தெரிகிறதா, நிறுத்துவதற்கான இடைவெளியை முன்பே விட்டு வைத்திருக்கிறாரா என்பதே உண்மையான உரைகல்.

பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. முன் டயர் தரையைக் கவ்வுகிறது, பின் டயர் லேசாகிப் பிடிமானத்தை இழக்கிறது. ஆகவே வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. நம் ஊரிலோ முதல் பாடமே ‘முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிஞ்சிடும்’ என்பதுதான். வெடுக்கென்று இழுத்தால் அந்த ஆபத்து உண்டு. மெல்லத் தொட்டு, எடை முன்னே வந்தபின் அழுத்தத்தைக் கூட்டினால் வண்டி நேராக நிற்கும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் வெளியான ஹர்ட் அறிக்கையும் இதே குறையைக் கண்டது: ஆபத்து வந்ததும் பலர் பின் பிரேக்கை மிதித்துச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவோ வீட்டார், நண்பர்களிடமோ கற்றவர்கள். அண்ணனிடமும் மாமாவிடமும் வண்டி பழகிய நமக்கு இது அந்நியச் செய்தி அல்ல.

‘நான் சரியாகத்தான் போகிறேன், குறுக்கே வருபவர்கள்தான் காரணம்’ என்பார்கள். இதில் நியாயம் உண்டு. பிற வாகனங்களுடன் நடந்த மோதல்களில் மூன்றில் இரண்டு பங்கில் தவறு அடுத்த வாகனத்தினுடையது என்று அதே அறிக்கையே சொல்கிறது. ஆனால் நியாயம் நம் பக்கம் இருப்பதால் எலும்பு முறியாமல் இருப்பதில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது; ஆபத்தை உணர்ந்து விரல் லிவருக்குப் போவதற்குள்ளேயே அந்தத் தூரம் கரைந்துவிடும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். ‘ஏபிஎஸ் இருக்கிறதே’ என்பது அடுத்த வாதம். அது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும். முன் பிரேக்கைப் பிடிக்கவே அஞ்சுகிற கைக்குத் துணிச்சல் தராது, முன்னால் போகும் லாரியின் வாலைப் பிடித்துப் போகிறவருக்கு இடைவெளியும் தராது.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 75,000 பேர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,000-க்கு மேல். போலீஸைக் கண்டதும் டேங்க்கிலிருந்து தலைக்கு ஏறும் ஹெல்மெட் அபராதத்திலிருந்து காக்கலாம், தலையைக் காக்காது. சாலைகளும் சட்ட அமலாக்கமும் மேம்பட வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. ஆனால் அவை மேம்படும்வரை இன்றைய சாலையில்தான் ஓட்டியாக வேண்டும். லைசென்ஸ் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது காலை ஊன்றாமல் ‘எட்டு’ போடுவதுதான். அது சமநிலைக்கான சோதனை. 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து குறித்த கோட்டுக்குள் சறுக்காமல் நிறுத்திக் காட்டுவதையும் அதே கண்டிப்போடு கேட்க வேண்டும். அப்படி ஒரு சோதனை வைத்தால், பால் கேன்களின் எடை அறிந்து தெருமுனைக்கு முன்பே வேகத்தைக் குறைக்கும் பால்காரர் எளிதில் தேறக்கூடும். ஜாக்கெட் போட்டவர்கள் சிலர் மறுபடி பழக வேண்டியிருக்கும்.