தொடர்ந்து 310 தோல்வி... ஆனால், இன்றைக்குப் பயம் யாருக்கு?

மேட்ச்சுக்கு முன்னே...
பேசப்பட்ட ஆட்டங்களை, விசில் ஊதுவதற்கு முன்னால் நின்று பார்க்கும் வாராந்தரப் பகுதி. இந்த வாரம் காலண்டரில் தேதி: 2011, பிப்ரவரி 22, செவ்வாய்க்கிழமை.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இருக்கும் ஆக்ஸிடென்டல் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு இன்று மாலை ஒரு சுலபமான வேலை. சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாசடீனாவுக்குப் போக வேண்டும். கால்டெக் கல்லூரியின் ஜிம்மில் 40 நிமிடம் ஆட வேண்டும். ஜெயித்துவிட்டு வீடு திரும்ப வேண்டும்.

சுலபம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. தெற்கு கலிஃபோர்னியாவின் எட்டு அணிகள் மோதும் இந்த லீகில் கால்டெக் கடைசியாக ஒரு மேட்ச் ஜெயித்தது 1985 ஜனவரியில், லா வெர்ன் அணிக்கு எதிராக. அதற்குப் பிறகு ஆடிய லீக் ஆட்டங்கள் 310. தோற்றவை 310.

எழுத்துப்பிழை இல்லை. முந்நூற்றுப் பத்தேதான்.

அந்த வெற்றியன்று பிறந்த குழந்தைக்கு இன்று 26 வயது. நம் ஊராக இருந்தால் ஜாதகத்தைக் கையில் எடுத்திருப்பார்கள். இன்று கால்டெக் ஜெர்சி போட்டு இறங்கப்போகும் பையன்களில் ஒருவர்கூட அன்றைக்குப் பிறந்திருக்கவில்லை. இந்த சீசனில் மட்டும் லீகில் ஆடிய 13 ஆட்டங்களும் போய்விட்டன. இன்று 14-வது, சீசனின் கடைசி ஆட்டம்.

அப்படியென்றால் இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், ஸ்கோர்போர்டைவிட ஆக்ஸிடென்டல் பையன்களின் முகத்தைப் பார்க்கலாம். ஜெயித்தால் யாரும் கை குலுக்கப் போவதில்லை. கால்டெக்கைத் தோற்கடித்ததையெல்லாம் யாராவது சாதனை என்று சொல்வார்களா? தோற்றால்? காலத்துக்கும் பெயர் நிற்கும். ஜெயித்து லாபம் இல்லாத, தோற்றால் மானம் போகிற ஆட்டத்துக்கு வருபவர்கள் அவர்கள்தான்.

படிப்பில் புலி, பந்தில்..?

கால்டெக் என்பது கலிஃபோர்னியா இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியின் செல்லப்பெயர். ரிச்சர்ட் ஃபெயின்மன் இயற்பியல் பாடம் எடுத்த இடம். இங்கே படித்தவர்களும் பாடம் நடத்தியவர்களும் வாங்கிய நோபல் பரிசுகள் முப்பதுக்கு மேல். நாசாவுக்காக செவ்வாய்க் கிரகத்துக்கு வண்டி அனுப்பும் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியை நிர்வகிப்பதும் இந்தக் கல்லூரிதான். 'தி பிக் பேங் தியரி' சீரியல் பார்ப்பவர்களுக்கு இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம்: ஷெல்டனும் லெனார்டும் வேலை பார்ப்பது இங்கே!

இளநிலையில் படிப்பவர்கள் மொத்தமே ஆயிரத்துக்கும் குறைவு. நம் ஊரில் சில பள்ளிக்கூடங்களில் இதைவிட அதிகம் பேர் ப்ளஸ் டூ எழுதுகிறார்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மூன்று பிரிவுகள் உண்டு. கால்டெக்கும் ஆக்ஸிடென்டலும் இருப்பது மூன்றாவது பிரிவில். அங்கே விளையாட்டுக்காக உதவித்தொகை கிடையாது. கால்டெக்கில் கூடுதலாக இன்னொன்று: நன்றாகப் பந்து ஆடுகிறான் என்பதற்காக அட்மிஷனில் சலுகை கிடையாது. கணக்கிலும் அறிவியலிலும் கழுத்தை நெரிக்கும் அந்த வாசலைத் தாண்டி வந்தவர்களில் யாருக்குப் பந்து பிடிக்கத் தெரியுமோ, அவர்கள்தான் அணி.

இந்த அணியைப் பற்றி 'குவான்டம் ஹூப்ஸ்' என்று ஓர் ஆவணப்படமே 2007-ல் வந்தது. 'எக்ஸ் ஃபைல்ஸ்' டேவிட் டுகோவ்னிதான் பின்னணிக் குரல். 2006-ம் ஆண்டு அணியின் கதை அது. அந்த அணியில் பள்ளி அணிக்காக ஆடிய அனுபவம் உள்ளவர்களைவிட, பள்ளியில் முதல் மாணவனாக வந்தவர்களே அதிகம்!

கால்டெக் ஒரே ஒரு தடவை ஸ்கோர்போர்டில் அமோகமாக ஜெயித்திருக்கிறது. 1984-ல் பாசடீனாவின் ரோஸ் பௌல் மைதானத்தில் வேறு இரு பல்கலைக்கழகங்களின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, கால்டெக் மாணவர்கள் ஸ்கோர்போர்டின் கன்ட்ரோலைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 'கால்டெக் 38, எம்.ஐ.டி 9' என்று மைதானமே பார்க்கக் காட்டினார்கள்.

'பாவம், படிக்கிற பசங்க' என்று உச்சுக்கொட்டத் தோன்றும். அந்த இரக்கம்தான் இந்த அணிக்கு மிகப்பெரிய அவமானம். இவர்கள் தோற்பதற்காக வருவதில்லை. லேப் முடித்து, வீட்டுப்பாடத்தைப் பாதியில் வைத்துவிட்டு, தினமும் பயிற்சிக்கு வருகிறவர்கள். தோற்கத்தான் போகிறோம் என்று முடிவு செய்தவன் எதற்காக வியர்வை சிந்தப் போகிறான்?

அன்று தோற்ற கோச்

ஆக்ஸிடென்டல் முகாமுக்கு ஒரு பழைய கதை தெரிந்திருந்தால் நல்லது. 1980-ல் கால்டெக் இதே லீகில் 99 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றிருந்தது. அடுத்து வந்த எதிரணி பொமோனா-பிட்ஸர். அதற்கு அந்த சீசனில்தான் ஓர் இளம் கோச் பொறுப்பேற்றிருந்தார். கால்டெக் ஜெயித்தது! 99 அங்கேயே நின்றது. அந்த சீசனில் அந்த கோச்சின் கணக்கு 2 வெற்றி, 22 தோல்வி.

அவர் பெயர் கிரெக் போபவிச். ஆமாம், அதே போபவிச்தான். இன்று, 2011-ல், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு நான்கு என்.பி.ஏ பட்டங்கள் வாங்கிக் கொடுத்துவிட்டு, உலகின் மிகச்சிறந்த கோச்சுகளில் ஒருவர் என்று பெயரெடுத்திருப்பவர்.

2007 ஜனவரி 6-ம் தேதியும் ஓர் எச்சரிக்கை மணி அடித்தது. லீகுக்கு வெளியே, நியூயார்க்கின் பார்ட் கல்லூரியை 81-52 என்று கால்டெக் சாய்த்தது. மூன்றாம் பிரிவு அணிகளிடம் 1996-லிருந்து வாங்கிய 207 தொடர் தோல்விகளுக்கு அன்று முற்றுப்புள்ளி. ஆனால் லீகுக்குள் மட்டும் பூட்டு திறக்கவில்லை.

2008-ல் கோச்சாக வந்தவர் ஆலிவர் எஸ்லிங்கர். படித்தது விளையாட்டு உளவியல். கால்டெக் வாசலைத் தாண்டுகிற மதிப்பெண்ணும் இருக்க வேண்டும், பந்தும் ஆடத் தெரிய வேண்டும் என்று நாடு முழுக்கப் பையன்களைத் தேடுவது அவருடைய வேலையில் பாதி. மாற்றம் தெரிகிறது. இந்த சீசனில் லீகுக்கு வெளியே நான்கு ஆட்டங்களை ஜெயித்திருக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

கால்டெக் பற்றிப் பேசும்போது கணக்கு போடாமல் இருந்தால் எப்படி?

ஓர் ஆட்டத்தில் ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட அணி 310 தடவை ஆடினால், ஒன்றுகூட ஜெயிக்காமல் போவதற்கான வாய்ப்பு 100-க்கு சுமார் 4-தான். அதாவது, நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள அணிகூட இந்நேரம் ஒரு முறையாவது ஜெயித்திருக்க வேண்டும். வெறும் துரதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பல சீசன்களில் கால்டெக்குக்கு அந்த நூற்றில் ஒன்றுகூட இல்லை என்பதுதான் கசப்பான உண்மை. இன்று அப்படியில்லை. நான்கு வெற்றி பார்த்த அணி இது.

பலம் குறைந்த அணி பலமான அணியிடம் எப்படி ஆட வேண்டும்? கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஐந்து நாள் டெஸ்டில் ஜிம்பாப்வே ஆஸ்திரேலியாவை ஜெயிப்பது நடக்காத காரியம். ஆனால், 2007 டி20 உலகக் கோப்பையில் ஜெயித்தது! ஆட்டம் நீளும்போது பலசாலியின் கை ஓங்கும். சுருங்கும்போது சின்ன அணிக்கு ஒரு சந்து கிடைக்கும்.

கூடைப்பந்தில் 40 நிமிடத்தைக் குறைக்க முடியாது. ஆனால், பந்து கை மாறும் எண்ணிக்கையைக் குறைக்கலாம். கல்லூரி ஆட்டத்தில் பந்து கைக்கு வந்தால் 35 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்பது விதி. அந்த 35-ஐயும் முழுக்கச் செலவழித்து, அவசரமே இல்லாமல் பாஸ் போட்டு, கடைசியில் நல்ல இடம் பார்த்து எறிந்தால் ஆட்டம் சுருங்கும். ஸ்கோர் 80-க்குப் போனால் ஆக்ஸிடென்டல் வீட்டுக்குச் சீக்கிரம் கிளம்பலாம். 40-களில் இழுத்துக்கொண்டிருந்தால், வயிற்றைக் கலக்கும்.

கூடைப்பந்தை இப்படிப் புள்ளிவிவரமாகப் பிரித்துப் பார்க்கும் கலைக்கு முன்னோடிகளில் ஒருவர் டீன் ஆலிவர். 2004-ல் வெளியான 'பாஸ்கெட்பால் ஆன் பேப்பர்' புத்தகத்தை எழுதியவர். ஓர் ஆட்டத்தை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்பார்: எறிவதில் குறி தவறாமை, பந்தைப் பறிகொடுக்காமை, தவறிய பந்தைத் தாவி எடுப்பது, பிறகு ஃப்ரீ த்ரோ. இவர் எங்கே படித்தார் தெரியுமா? கால்டெக்கில். 1990-ல் பட்டம் வாங்கியவர். இதே கல்லூரிக்காக ஆடியவரும்கூட. இந்தத் தோல்வி வரிசை அவர் காலத்திலும் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆட்டம் ஏன் கை நழுவுகிறது என்று யோசிக்க அவருக்கு நிறைய நேரம் கிடைத்திருக்கும்!

அந்த நான்கில் கடைசியானதைக் கவனியுங்கள். ஃப்ரீ த்ரோ என்றால், எதிரணி ஃபவுல் செய்ததற்காகக் கிடைக்கும் எறிதல். 15 அடி தூரம். குறுக்கே யாரும் வர முடியாது. உள்ளே போனால் ஒரு புள்ளி. உயரம், வேகம், உடம்பு எதற்கும் அங்கே வேலை இல்லை. பலசாலியும் பலவீனனும் சமமாக நிற்கும் ஒரே கோடு அது.

இன்றோடு முடிகிறவர்கள்

ரயன் எல்ம்க்விஸ்ட். கால்டெக்கின் இறுதியாண்டு மாணவர், கம்ப்யூட்டர் சயின்ஸ். படிப்பு முடிந்ததும் கூகுளில் வேலை. நல்ல உயரம், அணி பெரிதும் நம்பியிருப்பது இவரைத்தான். நான்கு வருடமாக இந்த லீகில் ஆடுகிறார். ஒரு வெற்றிகூடப் பார்த்ததில்லை.

310 என்பது கல்லூரியின் கணக்கு. இறுதியாண்டுப் பையன்களுக்கு அது வேறு மாதிரி. இன்று தோற்றால் கல்லூரிக்கு 311. அடுத்த வருடம் மறுபடி ஆடிக்கொள்ளலாம். இவர்களுக்கு அடுத்த வருடம் கிடையாது. 'நாங்கள் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை' என்பது இன்றிரவோடு மாற்ற முடியாத வாக்கியமாகிவிடும். வேலையும் சம்பளமும் நிச்சயமான ஒரு பையனுக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்கலாம். அவன் பதில் சொல்லத் தெரியாமல் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருப்பான்.

ஆக்ஸிடென்டலுக்கும் பெருமை இல்லாமல் இல்லை. அமெரிக்க அதிபர் ஒபாமா 1979-லிருந்து இரண்டு வருடம் படித்த கல்லூரி அது. மனிதர் கூடைப்பந்துப் பித்தர். அணியின் பட்டப்பெயர் 'டைகர்ஸ்'. கால்டெக்கின் பட்டப்பெயர் 'பீவர்ஸ்'. பீவர் என்பது மரத்தைப் பல்லால் கடித்துக் கடித்துச் சாய்த்து, ஆற்றின் குறுக்கே அணை கட்டும் சின்னப் பிராணி.

கணிப்பு? பேப்பரில் ஆக்ஸிடென்டல். ஆனால், கடைசி ஐந்து நிமிடம் வரை ஸ்கோர் நெருக்கமாக இருந்தால், கை நடுங்கப்போவது டைகர்ஸுக்குத்தான். அதற்குள் பத்துப் புள்ளி முன்னேறிவிடுவது அவர்களுக்கு நல்லது.

விசில்!

முன்னேறவில்லை. ஆட்டம் 40-களிலேயே இழுத்தது. கடைசி விநாடிகளில் ஸ்கோர் 45-45. எல்ம்க்விஸ்ட் மீது ஃபவுல். கடிகாரத்தில் மிச்சம் 3.3 விநாடி. அவர் அந்த 15 அடிக் கோட்டில் போய் நின்றார். ஒன்று உள்ளே போனது.

ஆக்ஸிடென்டலின் கடைசி முயற்சி பலிக்கவில்லை. கால்டெக் 46, ஆக்ஸிடென்டல் 45. இந்த முறை ஸ்கோர்போர்டை யாரும் ஹேக் செய்யவில்லை. மாணவர்கள் கேலரியிலிருந்து இறங்கி ஆடுகளத்தை நிறைத்தார்கள். சீசன் கணக்கு 5 வெற்றி, 20 தோல்வி; லீகில் 1-13.

அதே கேம்பஸில், கால்டெக்கின் பேஸ்பால் அணி 2003-லிருந்து ஒரு மேட்ச்கூட ஜெயிக்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் 228 தோல்விகளைத் தாண்டி முதல் வெற்றியைப் பார்க்க இன்னும் ஏறக்குறைய இரண்டு வருடம் பாக்கியிருந்தது. அது 2013 பிப்ரவரி 2. ஸ்கோர், 9-7.