பழைய ஸ்கார்ப்பியோ வாங்குமுன்

விடுமுறையில் அனைவரும் ஒன்றாக ஊருக்குப் போய்வரலாமென்று, 1,50,000 கிலோமீட்டர் ஓடிய டீசல் ஸ்கார்ப்பியோவுக்குச் சேமிப்பையெல்லாம் கொடுக்க முன்வருகிறவர்கள் நம்மில் உண்டு. மீட்டர் காட்டும் எண்ணை மாத்திரம் நம்பவேண்டாம், அதைத் திருத்திவிடுகிறார்கள். தேய்ந்த பிரேக் பெடல் ரப்பரும், வழவழப்பான ஸ்டியரிங்கும், சர்வீஸ் ரசீதுகளும் உண்மையைக் காட்டிக்கொடுக்கும்.

அதிகாலையில், இஞ்சின் குளிர்ந்திருக்கையிலேயே சென்று பாருங்கள். நீங்கள் வருமுன்பே சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். ஸ்டார்ட் செய்தபின் நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். இஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று வெளிப்பட்டால், பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கக்கூடும். அந்தச் செலவைச் சாதாரணச் சம்பளக்காரர் தாங்கமாட்டார். மும்பை போன்ற கடலோர நகரங்களில் ஓடிய வண்டியானால், அடியில் குனிந்து சேஸிஸ் ஃபிரேமில் துரு உண்டா என்று பாருங்கள். அங்கே மட்டும் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் பூசியிருந்தால் இன்னும் கவனம் தேவை.

ஆர்.சி.யிலுள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்பு தகுதிச் சோதனைக்குப்பின் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கவேண்டும். கடன் தீர்ந்துவிட்டதென்று விற்பவர் சொன்னாலும், ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்கும்வரை முன்பணம் கொடாதீர்கள்.