கடன் படாத தேனிலவு

கல்யாணப் பத்திரிகை வைக்க வரும் பழைய மாணவர்கள் இப்போதெல்லாம் தாம்பூலத் தட்டோடு ஒரு கேள்வியையும் கொண்டுவருகிறார்கள். "சார், கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மூணு நாள் சிங்கப்பூர் போய்ட்டு வரலாம்னு நெனைக்கிறோம். எவ்வளவு ஆகும்?" உடன் வந்த தாயாருக்கு இந்தப் பேச்சு பிடிப்பதில்லை. "நாங்கல்லாம் கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாளே பால்மரம் வெட்டப் போனவங்க. இதுங்களுக்குத் தேனிலவு கேக்குதாம்" என்பார்.

இந்த வழக்கில் நான் பிள்ளைகள் பக்கம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் தோட்டத்து வீடுகளைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பழைய லயன்கள் போய்ப் புது வீடுகள் வந்துவிட்ட இடங்களிலும் சுவர் மெல்லியதுதான். கல்யாணத்துக்கு வந்த அத்தையும் சித்தப்பாவும் ஒரு வாரம் நகரமாட்டார்கள். புதுப்பெண் விடியுமுன் எழுந்து அடுப்படியில் நிற்க வேண்டும். நாலு பேர் காதில் விழாமல் கணவனிடம் ஒரு வார்த்தை பேச அவளுக்கு இடம் கிடையாது. அவனுக்குக் காரம் ஆகாது என்பதையும், அவளுக்கு இருட்டு என்றால் பயம் என்பதையும் மாமியார் சொல்லித் தெரிந்துகொள்கிற நிலைமை. மூன்று நாள் இருவரும் தனியே இருந்துவிட்டு வருவதை நான் ஆடம்பரம் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் கடன் வாங்கிப் போகக்கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. ஆலோங்கிடம் கைநீட்டி வாங்கிய பணமும், பெண்ணின் சங்கிலியை அடகுக்கடையில் வைத்து எடுத்த பணமும் தேனிலவைக் கசப்பாக்கிவிடும். மொய்ப்பணத்தை நம்பியும் திட்டம் போடாதீர்கள். அது பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் போய்ச் சேரும் பணம். கல்யாணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பே மாப்பிள்ளையும் பெண்ணும் தனித்தனியே மாதம் நூறு, நூற்றைம்பது என்று ஒதுக்கிவரட்டும். யார் எவ்வளவு சேர்த்தார்கள் என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெண் வேலைக்குப் போகிறவளானால் அவள் பங்கும் அதில் சேரட்டும். பங்கு போட்டவளுக்கு எங்கே போவது என்பதில் வாய் திறக்க உரிமை உண்டு அல்லவா?

கணக்கைப் பார்ப்போம். 1973 வரை நம் வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கொன்று சமமாகச் செல்லுபடியாயின. இன்றோ அவர்களுடைய ஒரு வெள்ளிக்கு நம் காசு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே நூறு வெள்ளிக்கும் கீழே சுத்தமான இருவர் அறை கிடைப்பது அபூர்வம். ஆகவே இரண்டு இரவு தங்க 220 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு இருவருக்குமாக நாளுக்கு 40 வீதம் மூன்று நாளைக்கு 120. ரயில், பேருந்துக்கு 30. தீவுக்குப் போகும் படகுக்கு 30. மொத்தம் 400 சிங்கப்பூர் வெள்ளி. நம் காசில் 1,300 ரிங்கிட்டை ஒட்டி வரும். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆக உயர்ந்த பிறகும் இது சின்னத் தொகை அல்ல. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் ஐந்தாண்டுப் பாஸ்போர்ட்டுக்கு ஆளுக்கு 200 ரிங்கிட் தனியாக எடுத்துவைக்க வேண்டும். கைவசம் இருந்தால் அது காலாவதியாக ஆறு மாதமாவது பாக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜொகூர் பாருவில் அறை எடுத்துக்கொண்டு தினமும் பாலம் கடந்து போய்வந்தால் மிச்சம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். மிச்சம்தான். ஆனால் அந்தப் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டால் பாதி நாள் வரிசையில் போய்விடும். புதுப்பெண்ணைப் பட்டுப்புடவையோடு குடிநுழைவு வரிசையில் நிறுத்துவதா தேனிலவு? அறைக்குக் கொடுக்கும் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். வேறு செலவில் பிடித்துக்கொள்ளலாம்.

எப்போது போவது? பள்ளிப் பிள்ளைகள் 'கோடை விடுமுறை' என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்கே கோடை என்று தனியாக ஒன்று கிடையாது, வருடம் முழுவதும் வெயில்தான். நமக்குக் கணக்கு வேறு. வைகாசி, ஆனியில்தான் முகூர்த்தங்கள் நெருக்கம். ஆடி பிறந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஜூன் மாதத்தில் பெரும்பகுதி சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு விடுமுறை, கடற்கரையெல்லாம் கூட்டமாய் இருக்கும். ஆகையால் ஜூன் கடைசிக்கும் ஆடி முதல் நாளுக்கும் இடைப்பட்ட இரண்டு வாரம்தான் நம்மவர்களுக்கு வாய்த்தது. அதிலும் செவ்வாய் போய் வியாழன் திரும்புங்கள். வெள்ளி மாலையும் சனி, ஞாயிறும் பாலத்தின் பக்கமே போகாதீர்கள். அந்த மாதங்களில் சில நாள் விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து காற்றும் மழையும் அடித்துக்கொண்டு வரும். ஓரிரு மணி நேரத்தில் விட்டுவிடும், பயப்பட வேண்டாம்.

புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் கைத்தொலைபேசியிலேயே சிங்கப்பூர் வருகை அட்டையைப் பூர்த்தி செய்துவிட வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இடம் எதுவானாலும் ஏமாற்று என்று ஒதுங்கிவிடுங்கள். மாப்பிள்ளைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: சட்டைப்பையில் சிகரெட் பெட்டி இருந்தால் அங்கே அறிவித்து வரி கட்டியாக வேண்டும். மின்சிகரெட் அடியோடு கூடாது. மணமாலை வாடுமுன் அபராதம் கட்டிய கதை நமக்கு வேண்டாம்.

ஜொகூர் பாரு லார்க்கினிலிருந்து புறப்படும் பேருந்து குவீன் ஸ்திரீட்டில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து சிராங்கூன் சாலை நடக்கும் தூரம்தான். தேக்கா என்று நம் பெரியவர்கள் சொல்வது இந்தப் பகுதியைத்தான். அறை இங்கேயே பார்த்துக்கொண்டால் சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். தேக்கா சந்தையின் கீழ்த்தளத்தில் ஐந்தாறு வெள்ளிக்கு வயிறு நிறையும். 1947 முதல் நடந்துவரும் கோமள விலாசில் ஒரு வேளையாவது இலை போட்டுச் சாப்பிடுங்கள். வீரமாகாளியம்மன் கோயில் சாலையோரத்திலேயே இருக்கிறது. கேம்பல் சந்தில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தில், நம்மவர்கள் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்த கதையைப் பொருள்களோடு காட்டுகிறார்கள்.

நகைக்கடைகளை என்ன செய்வது? பார்க்கலாம், பார்ப்பதற்குக் காசு இல்லை. வாங்குவதாயிருந்தால் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 2024 முதல் அங்கே பொருள் சேவை வரி நூற்றுக்கு ஒன்பது. சுற்றுப்பயணிகளுக்கு அந்த வரியைத் திருப்பித் தருகிறார்களே என்பீர்கள். விமானத்திலோ உல்லாசக் கப்பலிலோ புறப்படுகிறவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. பாலத்தைத் தாண்டிப் பேருந்தில் திரும்பும் நமக்குக் கிடையாது. முஸ்தபா கடைக்குள் நுழைந்தால் சாமான் பட்டியல் நீண்டுகொண்டே போகும் என்பதால் அதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் காசும் குறைந்திருக்கும்.

அந்தி சாய்ந்ததும் அந்தத் தெருக்களில் கூட்டம் கூடும். ஞாயிறு என்றால் கால் வைக்க இடம் இருக்காது. தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்த இளைஞர்கள். புல்தரையில் உட்கார்ந்து, கைத்தொலைபேசியின் சின்னத் திரையில் மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். கல்யாணமான சில வாரத்திலேயே விமானம் ஏறியவர்களும் அவர்களில் உண்டு. நம் பாட்டன்மார்களில் பலர் இப்படித்தான் தனியாக வந்தார்கள். இன்றைய வசதி ஒன்றும் இல்லாமல், வருடத்துக்கு இரண்டு கடிதத்தில் குடும்பம் நடத்தினார்கள்.

நகரத்தில் பார்க்கப் பணம் வேண்டாத இடங்கள் பல. கடலோரப் பூந்தோட்டத்தில் இரவு நேரத்தில் ராட்சத மரங்கள் பாட்டுக்கு ஏற்ப ஒளி வீசுவதை இலவசமாகப் பார்க்கலாம். சௌத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு அவசியம் போங்கள். 1827இல் எழுந்த, சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் அது. புதிதாகக் கப்பலில் வந்தவர்களுக்கு வேலை கிடைக்கும்வரை அங்கே தங்க இடம் கொடுத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் இந்துத் திருமணங்களை நடத்திவைக்கும் அதிகாரம் அந்தக் கோயிலுக்கு மட்டுமே இருந்த காலமும் உண்டு. புதுத்தாலியோடு போய் நிற்க அதைவிடப் பொருத்தமான சந்நிதி எது?

தாவரவியல் பூங்காவையும் விட்டுவிடாதீர்கள். நம்மவர் பலர் அதை 'பூச்செடிதானே' என்று தள்ளிவிடுகிறார்கள். 1877இல் இருபத்திரண்டு ரப்பர்க் கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்தது அங்கேதான். மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுசொன்ன ரிட்லி, 1888 முதல் 1912 வரை அந்தப் பூங்காவுக்குத் தலைவராக இருந்தார். ரப்பர் நடுங்கள் என்று தோட்ட முதலாளிகளை விடாமல் நச்சரித்ததால் அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்றார்களாம். நம் தாய் தந்தையர் கையில் உளி பிடித்த கதை தொடங்குவது அங்கே. நூறு வயது வாழ்ந்த அந்த மனிதர் எண்பதைத் தாண்டிய பிறகுதான் கல்யாணம் செய்துகொண்டார் என்பதைப் புதுமாப்பிள்ளை தெரிந்துகொண்டால் நல்லது. பூங்காவுக்குள் நுழையவும் காசு இல்லை.

இனி தீவு. எல்லாரும் செந்தோசா என்பார்கள். பிளாக்காங் மாத்தி என்ற பழைய பெயரோடு வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த தீவு அது. 1972இல் 'அமைதி' என்று பொருள்படும் புதுப்பெயர் பெற்று உல்லாசத் தீவாயிற்று. பாலத்தின் ஓரத்து நடைபாதையில் நடந்து போனால் நுழைவுக்கட்டணம் இல்லை. கடற்கரையில் கால் நனைப்பதற்கும் கட்டணம் இல்லை. உள்ளே இருக்கும் யுனிவர்சல் விளையாட்டுப் பூங்காவுக்கோ ஆளுக்கு 80 வெள்ளிக்கு மேல். இருவருக்குமான அந்தக் காசில் இன்னொரு இரவு தங்கிவிடலாமே என்பது என் கட்சி.

எனக்குப் பிடித்த தீவு வேறு. தெற்கே ஆறேழு கிலோமீட்டரில் செயின்ட் ஜான்ஸ் தீவு என்று ஒன்று இருக்கிறது. 1873இல் சிங்கப்பூரில் காலரா கண்டது. அடுத்த வருடமே நோய்த்தடுப்பு முகாம் ஒன்றை இந்தத் தீவில் திறந்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, மேல்தளத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்து சிங்கப்பூருக்கு வந்தவர்களை நேரே கரையில் இறங்க விடவில்லை. இந்தத் தீவில் இறக்கி, குளிக்க வைத்து, துணிமணிகளுக்குக் கிருமிநாசம் செய்து, நோய் இல்லை என்று தெளிந்த பிறகே அனுப்பினார்கள். பினாங்கு வழி வந்தவர்களுக்கு ஜெரெஜாக் தீவு எப்படியோ, அப்படித் தெற்கு வழி வந்தவர்களுக்கு இது. 1938இல் இந்திய அரசாங்கம் கூலி ஆட்களை அனுப்புவதை நிறுத்தும்வரை எத்தனை ஆயிரம் பேர் இந்த மணலில் உட்கார்ந்து எதிர்க்கரையைப் பார்த்திருப்பார்கள்! ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்த உங்களில் சிலருடைய பாட்டியும் அவர்களில் ஒருத்தியாக இருக்கலாம்.

பிற்பாடு அரசியல் கைதிகளையும் அங்கே வைத்தார்கள். மலாக்காவில் ரப்பர்த் தோட்டக் கிராணியின் மகனாகப் பிறந்த தேவன் நாயர் 1951 முதல் இரண்டு வருடம் அங்கே காவலில் இருந்தார். 1981இல் அவரே சிங்கப்பூரின் அதிபரானார்.

இன்று அந்தத் தீவு மரநிழலும் அலையோசையுமாக இருக்கிறது. மரினா சௌத் படகுத்துறை வரை ரயிலே போகிறது. அங்கிருந்து படகில் போய்வர ஆளுக்குச் சுமார் 15 வெள்ளி. பக்கத்து லாசரஸ் தீவுக்கு இணைப்புப் பாதையில் நடந்தே போய்விடலாம், வெண்மணல் கடற்கரை அங்கேதான். வார நாளில் ஆள் நடமாட்டம் சொற்பம். இருவர் பேசிக்கொண்டே நடக்க ஏற்ற இடம்.

வார நாளில் படகும் சொற்பம்தான். இறங்கியவுடன் திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தீவில் சாப்பாட்டுக் கடையை நம்பாமல் காலையில் தேக்காவிலேயே இரண்டு பொட்டலமும் தண்ணீரும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்கும்போது மட்டும் சற்று ஜாக்கிரதை. அந்தத் தீவில் பூனைகள் அதிகம்.