உள்ளத்தை யார் அறிவார்?

பெருஞ்செல்வர் ஒருவர் மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ நன்கொடை வழங்கினார் என்று நாளிதழில் வந்துவிட்டால் போதும், நம் வீட்டிலும் வகுப்பறையிலும் இரண்டு கட்சிகள் பிறந்துவிடும். "அவருக்கு எவ்வளவு பெரிய மனசு!" என்பது ஒரு கட்சி. "எல்லாம் விளம்பரம், செய்த பாவத்தைக் கழுவப் பார்க்கிறார்" என்பது மற்றொரு கட்சி. வேடிக்கை என்னவெனில், இரு கட்சியாரும் அம்மனிதரைக் கண்டதுமில்லை, அவரோடு பேசியதுமில்லை. ஆயினும் அவர் நெஞ்சுக்குள் புகுந்து பார்த்து வந்தவர்களைப் போல அடித்துப் பேசுவோம்.

இவ்வாறு பேசுவது தகுமா என்று ஆராய, உயிரோடிருப்பவர்களை விட்டுவிட்டு, மறைந்து நூறாண்டு கடந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்ட்ரூ கார்னகி 1835-இல் ஸ்காட்லாந்திலுள்ள டன்ஃபர்ம்லின் என்னும் ஊரில் கைத்தறி நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். இயந்திரத் தறிகள் வந்து தந்தையின் பிழைப்பைக் கெடுக்கவே, 1848-இல் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அங்கே பஞ்சாலையில் வாரம் 1 டாலர் 20 சென்ட் கூலிக்கு எடுபிடிப் பையனாகச் சேர்ந்த அச்சிறுவன்தான் பிற்காலத்தில் எஃகு அரசன் ஆனான். 1901-இல் தம் ஆலைகளை 48 கோடி டாலருக்கு விற்றார் கார்னகி. இறப்பதற்குள் சுமார் 35 கோடி டாலரை வழங்கிவிட்டார். அப்பணத்தில் எழுந்த பொது நூலகங்கள் மட்டும் 2,509.

இதனைக் கேட்டதும் முதற்கட்சியார் கைதட்டுவர். சற்றுப் பொறுப்போம்.

1892-ஆம் ஆண்டு பென்சில்வேனியாவில் ஹோம்ஸ்டெட் என்னும் ஊரிலிருந்த அவருடைய ஆலையில் கூலி விகிதத்தைக் குறைக்க நிர்வாகம் முனைந்தது. தொழிற்சங்கம் இணங்கவில்லை. மேலாளர் ஃபிரிக் ஆலைக் கதவுகளை அடைத்தார். ஜூலை 6-ஆம் நாள் விடியுமுன், பிங்கர்ட்டன் என்னும் தனியார் காவல் நிறுவனத்தின் ஆட்கள் சுமார் 300 பேர் ஆயுதங்களோடு படகுகளில் வந்து இறங்க முயன்றனர். ஆற்றங்கரையில் நடந்த சண்டையில் இரு பக்கமும் உயிர்கள் பலியாயின. மாநிலப் படை வந்தது, சங்கம் ஒடிந்தது. அப்போது கார்னகி எங்கே இருந்தார்? ஸ்காட்லாந்தில் கோடையைக் கழித்துக்கொண்டிருந்தார். ஃபிரிக்குக்குத் தம் முழு ஆதரவையும் முன்கூட்டியே கடிதத்தில் தெரிவித்திருந்தார். சங்கம் அமைக்கத் தொழிலாளருக்கு உரிமை உண்டென்று 1886-இல் கட்டுரை எழுதியவரும் இவரேதான்!

இப்போது இரண்டாம் கட்சியாருக்கு உற்சாகம் பிறக்கும். "பார்த்தீர்களா, குற்ற உணர்ச்சியால்தான் நூலகம் கட்டினார்" என்பர். ஆனால் ஆண்டுக் கணக்கு இதற்கு ஒத்துவரவில்லை. பிறந்த ஊருக்கு அவர் முதல் நூலகம் அளித்தது 1881-இல். ஹோம்ஸ்டெட் சண்டைக்குப் பதினோராண்டு முன்பு. அதற்கும் முன்னால், 1868-இல், தமக்காகவே எழுதி வைத்த குறிப்பொன்றில், ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் தேடுவதில்லை, மிஞ்சியதை நற்காரியங்களுக்குச் செலவிடுவது என்று உறுதி செய்திருந்தார். அப்படியானால் தூய உள்ளந்தானோ? அக்குறிப்பிலேயே இரண்டாண்டில் தொழிலை விட்டு விலகுவதாகவும் எழுதியிருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் விலகவில்லை!

நன்றியுணர்வு என்பாரும் உளர். சிறு வயதில் கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் தம் சொந்த நூல்களை வேலைக்குப் போகும் பையன்களுக்கு இரவல் கொடுத்து வந்தார். அவற்றைப் படித்தே கார்னகி வளர்ந்தார். பின்னாளில் ஆண்டர்சனுக்கு நினைவுச் சின்னமும் எழுப்பினார். ஆகவே நன்றியும் இருந்தது. புகழாசை இருந்ததா? இருந்திருக்கலாம். இவற்றில் எது எத்தனை பங்கு என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். பரீட்சைக்கு முன்தினம் தோழிக்கு நம் குறிப்பேட்டைக் கொடுக்கிறோமே, அன்பினாலா, அவள் நம்மைப் புகழ வேண்டும் என்பதாலா? நம் மனத்தையே நாம் அறியோம். உள்ளங்களை ஆராயும் வேலையை இறைவனுக்கே விட்டுவிடுவது நல்லது.

ஆனால் இங்கேதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். "மனத்தைத் தீர்ப்பிடாதே" என்பதைச் சிலர் "பெரியவர்களைக் கேள்வி கேட்காதே" என்று மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. மனம் மறைவானது, கூலி மறைவானதல்ல. எத்தனை மணி நேரம் வேலை வாங்கினார், யார் அதற்கு ஒப்புதல் அளித்தது, கொடுத்த பணத்துக்கு என்ன நிபந்தனை வைத்தார், இவையெல்லாம் காகிதத்தில் இருக்கின்றன. நூலகம் வேண்டும் ஊர் தானே நிலம் தரவேண்டும். கார்னகி கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அதன் பராமரிப்புக்கும் ஒதுக்கவேண்டும். அவர் உத்தமரா அல்லரா என்று தெரியாமலேயே இந்த நிபந்தனை ஊருக்கு நல்லதா என்று வாதிடலாம். மேற்கு வர்ஜீனியாவிலுள்ள வீலிங் நகரத்தார் அவ்வாறே செய்தனர். ஹோம்ஸ்டெட்டை மறவாத தொழிற்சங்கத்தினர் எதிர்க்க, 1904-இல் கார்னகி நூலகத் திட்டம் வாக்கெடுப்பில் தோற்றது. நல்ல நூல்களை மறுத்தது மடமை என்பாரும் உண்டு. நமக்கோ, பெற்றுக்கொள்ளுமுன் செயலைக் கணக்குப் பார்த்த அந்த எளிய மக்கள்மீது மதிப்பே பிறக்கிறது.

செயலைக் கணக்குப் பார்ப்பது கடினம். நேரமெடுக்கும், படிக்க வேண்டும். மனத்தைப் பற்றி ஊகிப்பதோ எளிது, ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். செல்வரின் நோக்கத்தைப் பற்றி நாம் இவ்வளவு பேசுவதற்கு இந்தச் சோம்பலும் ஒரு காரணமோ என்று தோன்றுகிறது. மாலை போடுகிறவரும் தூற்றுகிறவரும் ஒருபோலத் தப்பித்துக்கொள்கிறார்கள்.

சண்டை நடந்த ஹோம்ஸ்டெட்டுக்கும் கார்னகி நூலகம் கொடுத்தார். 1898-இல் திறந்த அக்கட்டடத்தில் இசையரங்கம் உண்டு, நீச்சல் குளமும் உண்டு. எந்த எண்ணத்தோடு கொடுத்தார் என்று கேட்பதைவிட, உலையருகே பன்னிரண்டு மணி நேரம் நின்று வீடு திரும்புகிறவனுக்கு அதில் உட்கார்ந்து படிக்க நேரம் எங்கே என்று கேட்பதே பொருத்தம். அவ்வாலைகளில் எட்டு மணி நேர வேலை முறை வந்தது 1923-இல். அப்போது நூலகம் திறந்து இருபத்தைந்து ஆண்டுகளும், கார்னகி மறைந்து நான்கு ஆண்டுகளும் ஆகியிருந்தன.