எண்பலகையும் எழுத்துரிமையும்

தெருவிற் செல்வானை மோதி வீழ்த்திவிட்டு ஓடும் ஊர்தியைக் கண்டுபிடிக்க, வீழ்ந்தவனுக்கு உள்ள பற்றுக்கோடு அதன் பதிவெண் ஒன்றே. அவ்வெண்ணைக் கொடியால் மறைப்பவனும், பலகையை மடக்கி வைப்பவனும், பிறன் எண்ணைப் பொருத்தி ஓட்டுபவனும் கொடுமைக்குத் துணைபோகின்றவரே. அவர்களை ஒறுத்தல் முறையே ஆகும்.

1988-ஆம் ஆண்டின் இயக்கூர்திச் சட்டம் 39-ஆம் பிரிவில், பதிவு பெறாத ஊர்தியையும் வகுத்த முறையிற் பதிவெண் காட்டாத ஊர்தியையும் பொதுவிடத்தில் ஓட்டலாகாது என்கின்றது. மீறுவோர்க்கு 192-ஆம் பிரிவு, முதன்முறை 2,000 முதல் 5,000 உருபா வரை தண்டமும், மறுமுறை ஓராண்டு வரை சிறையோ 5,000 முதல் 10,000 உருபா வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கின்றது.

ஆனால், அந்த 'வகுத்த முறை' யாது? 1989-ஆம் ஆண்டின் நடுவணரசு நெறிமுறைகளுள் 50-ஆவது, எழுத்து ஆங்கிலத்திலும் எண் அரபு எண்வடிவிலுமே இருத்தல் வேண்டும் என்று கட்டளையிடுகின்றது. எனவே, எண்ணை மறைத்த கயவனும், மறைக்காமல் 'தநா' எனத் தமிழில் எழுதிய ஆர்வலனும் ஒரே பிரிவின்கீழ்க் குற்றவாளிகளாகின்றனர்! ஒருவன் அடையாளத்தை ஒளிக்கின்றான். மற்றவன் தன் மொழியில் அதனை வெளிப்படுத்துகின்றான். இரண்டையும் ஒன்றாக எண்ணுவது நயன்மையாகுமா?

வெளிமாநிலக் காவலர்க்குத் தமிழ் படிக்க வராது என்பர் மறுப்போர். பொருளுள்ள மறுப்பே. ஆயின், அதற்கு விடை ஈரெழுத்தையும் வைத்தலே. சவூதி அரேபியாவின் எண்பலகைகள் அரபெழுத்தையும் உரோம எழுத்தையும் ஒருங்கே தாங்கி நிற்கின்றன. அங்கு இயல்வது இங்கு இயலாதா?

ஒரு மொழியின் எழுத்தை மட்டும் பலகையில் திணிப்பதன் விளைவை ஈழம் காட்டிற்று. 1957-இல் இலங்கையரசு சிங்களச் 'சிறீ'யை எண்பலகைகளில் புகுத்திற்று. தமிழர் தாரால் அதனை அழித்துச் சிறை புகுந்தனர்.

2019 ஏப்பிரல் 1 முதல் உருவாக்கப்பெறும் புதிய ஊர்திகட்கு, உயர்காப்பு எண்பலகை ஆங்கில எழுத்துப் பொறித்தே வருகின்றது. தூரிகைக்கு இனி அங்கு இடமில்லை. சட்டம் மாறும்வரை பலகையைத் திருத்தித் தண்டம் கட்டுவதால் மொழிக்கு ஆக்கமில்லை. எண்ணை ஒளிப்பவனோடு சேர்த்தெண்ணப்படும் இழிவே மிஞ்சும். இயக்கூர்தித் துறை பொதுப்பட்டியலில் உள்ளது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம், ஆங்கிலத்தோடு தமிழும் பொறிக்கத் திருத்தம் இயற்றிக் குடியரசுத் தலைவரின் இசைவைக் கேட்கட்டும். தமிழன்பர்கள் தங்கள் தொகுதி உறுப்பினரிடம் இதனை எழுத்துவழியே வலியுறுத்துக!