இரவல் ஆயுதம்!

நேச நாடுகள் இரண்டின் தலைவர்கள் கூடுகிறார்கள், கை குலுக்குகிறார்கள், கூட்டறிக்கை வெளியாகிறது. "நட்புச் சூழலில் பேசினோம், கருத்தொற்றுமை கண்டோம்" என்பது அதன் வாசகம். எவர் கூடினாலும் இதே வாசகந்தான்! கூடியவர்கள் சமமாக அமர்ந்து பேசினார்களா, அல்லது ஒருவர் இரந்து நிற்க மற்றவர் ஈந்தாரா என்பதை எந்த அறிக்கையும் சொல்வதில்லை. அதை அறிய வேண்டுமானால், 1962 டிசம்பர் 18 முதல் 21 வரை நாசோவில் நடந்த பேச்சைப் பார்க்க வேண்டும்.

நாசோ, பகாமாத் தீவுகளின் தலைநகர். அன்று அது பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த மண். ஆனால், தன் மண்ணிலேயே கேட்டு நிற்பவராக வந்தவர் பிரிட்டிஷ் பிரதமர் மாக்மில்லன். கொடுப்பவராக அமர்ந்தவர் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி.

ஏன் இந்த நிலை? பிரிட்டன் தானே செய்துவந்த 'புளூ ஸ்ட்ரீக்' ஏவுகணையை, செலவு தாளாமல் 1960 ஏப்ரலில் கைவிட்டது. விமானத்திலிருந்து ஏவும் 'ஸ்கைபோல்ட்' கணையைத் தருவதாக அமெரிக்கா சொன்ன வாக்கே அதற்குத் துணிவு. தன் பங்குக்கு, அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்கள் தங்க ஸ்காட்லாந்தின் ஹோலி லாக் துறையையும் திறந்துவிட்டது. 1962 இறுதியிலோ, "ஸ்கைபோல்ட் வேண்டாம், செலவு மிகுதி, சோதனையில் தோல்வி" என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா முடிவு கட்டினார். இரவல் சேலையை நம்பி இடுப்புச் சேலையை எறிந்த கதையாயிற்று பிரிட்டனின் கதை! பேச்சு முடிந்த மறுநாளே, ஸ்கைபோல்ட் சோதனை வெற்றி என்று செய்தி வந்ததுதான் வேடிக்கை.

மாக்மில்லன் வெறுங்கையோடு திரும்பினார் என்று நாம் கூறவில்லை. நீர்மூழ்கியிலிருந்து ஏவும் 'பொலாரிஸ்' கணையை அவர் வாதாடிப் பெற்றார். அந்தப் படை நேட்டோ கூட்டணிக்கு உரியது. நாட்டின் உயர்நலனுக்கே ஆபத்து என்று பிரிட்டன் கருதும்போது மட்டும் தனித்துப் பயன்படுத்தலாம் என்பது ஏற்பாடு. ஏட்டில் இது உரிமைதான். ஆனால் கணையைச் செய்பவன் ஒருவன், காப்பவன் ஒருவன் என்றால், அந்த உரிமை எத்தனை நாள் தனித்து நிற்கும்?

விலையும் உடனே கேட்கப்பட்டது. 1963 ஜனவரி 14-ஆம் நாள், ஐரோப்பியப் பொதுச் சந்தையில் பிரிட்டனுக்கு இடமில்லை என்றார் பிரெஞ்சு அதிபர் டிகால். அவருக்கு வேறு காரணங்களும் இருந்தன. பிரிட்டன் அமெரிக்காவின் நிழல் என்று காட்ட, நாசோ புதுச் சான்றாயிற்று. பத்தாண்டு காத்திருந்து, 1973-இல்தான் பிரிட்டன் உள்ளே நுழைந்தது.

அந்த மேசையில் நம் நாட்டின் பெயரும் அடிபட்டது. சீனப் படையெடுப்பால் அடிபட்டிருந்த இந்தியாவுக்கு 12 கோடி டாலர் இராணுவ உதவி. பாதி அமெரிக்கா, பாதி பிரிட்டனும் காமன்வெல்த் நாடுகளும் என்று இருவரும் முடிவு செய்தனர். உதவி தேவைதான், மறுப்பார் இல்லை. ஆனால், காஷ்மீர் பற்றிப் பாகிஸ்தானுடன் பேசுங்கள் என்று அதற்கு முந்தைய மாதமே டில்லிக்கு வந்து வற்புறுத்தியவர்களும் இவ்விரு அரசுகளின் தூதர்களான ஹாரிமனும் சாண்டிசுமே. ஆறு சுற்றுப் பேச்சு நடந்து, 1963 மே மாதம் பயனின்றி முடிந்தது. உதவியோடு உபதேசமும் கப்பலேறி வரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நேச நாட்டுக்கு 'முடியாது' என்று சொல்லவே இயலாதா? இயலும். வியட்நாமுக்குப் படை அனுப்ப மறுத்தார், பின்னாளில் பிரதமரான வில்சன். படைவீரன் தன் வீட்டுப் பிள்ளை. அதனால் மறுக்க முடிந்தது. ஏவுகணை இரவல், அதனால் இரக்க நேர்ந்தது!

இன்றும் பிரிட்டனின் நீர்மூழ்கிகள் சுமப்பது அமெரிக்காவில் செய்த 'டிரைடன்ட்' கணையைத்தான். 1963 ஏப்ரலில் கையெழுத்தான பொலாரிஸ் ஒப்பந்தமே, திருத்தங்களோடு, அதற்கும் அடிப்படை. நான்கு நாள் பேச்சு, அறுபது ஆண்டுகளைக் கடந்தும் கட்டிப்போடுகிறது.

நட்பு வேண்டும், கூடிப் பேசவும் வேண்டும். ஆனால் பேச்சு மேடைக்குப் புறப்படும் எந்த அரசும், டில்லி அரசாயினும், தன் பட்டறையில் எது உருவாகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும். சொந்தப் பட்டறையை மூடிவிட்டுப் போகிறவன் நண்பனாகப் போய்க் கடன்காரனாகத் திரும்புவான்!