பாவமா, புண்ணியமா?

வாயில்லா ஜீவனை ஊசி போட்டுச் சாகடிக்கிறது பாவம்னு எங்க ஊர்ப் பக்கம் பெரியவங்க சொல்லுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. வலியில முனகுறதைத் தினம் பார்த்துக்கிட்டு சும்மா இருக்கிறதுல என்ன புண்ணியம்?

சேலம் சுகவனேஸ்வரர் கோயில் யானை ராஜேஸ்வரியை மறந்திருக்க மாட்டீங்க. எழுந்திரிக்க முடியாம படுத்தே கிடந்துச்சு. டாக்டருங்க பார்த்துச் சான்று கொடுத்தா கருணைக்கொலை செய்யலாம்னு 2018 ஏப்ரல்ல சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிச்சு. அதுக்குள்ள ராஜேஸ்வரி தானாவே போயிடுச்சு. கேஸ் போடுற வரைக்கும் அது கிடந்த கிடைதான் எனக்குக் கொடுமையாப் படுது.

எங்க வீட்டு மணிக்கு 14 வயசு. வயித்துல கட்டி. தண்ணி கூட இறங்கலை. இனி தேறாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பைக்குல மடியில வச்சு சிதம்பரம் வரைக்கும் குலுக்கிக்கிட்டுப் போக மனசில்லை. நாளைக்கு வீட்டுக்கே வர்றாரு. அது வழக்கமாப் படுக்கிற வைக்கோல் போர் ஓரத்துலயே கோணி விரிச்சாச்சு. முதல்ல மயக்க ஊசி, நல்லா அசந்த பிறகுதான் அடுத்தது. நீங்களும் இதைக் கேட்டுத் தெரிஞ்சிக்குங்க. கறியில விஷம் வைக்கிற பழைய வழக்கம் 1960 சட்டப்படி குற்றம்.

குழியை இன்னைக்கே வெட்டிட்டேன். போர்செட்டுக்குத் தள்ளி, இடுப்பு ஆழத்துக்கும் மேல. அந்த மருந்து உடம்புலயே தங்கும். நரியோ பருந்தோ தின்னா அதுவும் சாகும். அதனால செத்ததை வாய்க்கால்ல வீசாதீங்க.

சம்சாரம் கருவாடு சுட்டு வச்சிருக்கா. மோந்து பார்த்தாலே போதுமாம்.